மழையில் நனைந்த பருந்தும் மா. கிருஷ்ணனும்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள். விடிந்தது முதல் மழை. நம் ஆலங்குளத்தில் மழை பெய்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி என்று சொல்வதற்கில்லை. கண்மாய் நிறையட்டும் என்று காத்திருக்கும் வீடுகளுக்கு அது வரம். வெயிலில் காய வேண்டிய பட்டாசையும் தீப்பெட்டியையும் நம்பியிருக்கும் வீடுகளுக்கோ அன்று வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இரு வகை வீடுகளிலிருந்தும் வருகிற பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், மதிய இடைவேளையில் வராந்தாவில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது மைதானத்தின் ஓரத்து வேப்பமரத்தில், பட்டுப்போன ஒரு கிளையின் மேல் ஒரு கரும்பருந்து வந்து அமர்ந்தது. உடல் முழுவதும் நனைந்திருந்தது. சிறகுகளை இரு பக்கமும் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போக வழியில்லாத பிள்ளையைப் போல அது உட்கார்ந்திருந்தது. வானத்தில் வட்டமிடும்போது அத்தனை கம்பீரமாய்த் தெரியும் பறவையா இது என்று எங்களுக்கு வியப்பு. ஆண்டு மலருக்கு நல்ல படமாயிற்றே என்று ஆசிரியையிடம் கேட்டுக் கேமராவை வாங்கி வந்து ஒரு படம் எடுத்தோம்.

படத்தில் என்ன இருந்தது? வெள்ளை வெளேரென்று வானம். அதன் நடுவே ஒரு கறுப்புப் பொட்டு. கண் தெரியவில்லை, அலகு தெரியவில்லை, ஈரமும் தெரியவில்லை. கிட்டப் போனால் நன்றாக வரும் என்று எண்ணிக் குடையைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து பேராய் மரத்தடிக்கு ஓடினோம். பருந்து எழுந்து, மழைக்குள்ளேயே பறந்து போய்விட்டது. சற்று நேரம் இளைப்பாற வந்த பறவையை விரட்டிவிட்டோமே என்ற எண்ணம் பிறகுதான் வந்தது. படமும் இல்லை, பறவையும் இல்லை.

எங்கள் வாட்டத்தைக் கண்ட ஆசிரியை, இதே வேலையில் வாழ்நாளைக் கழித்த ஒரு தமிழரைப் பற்றிப் படியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவ்வாறு நாங்கள் அறிந்துகொண்டவரே மா. கிருஷ்ணன். படித்ததையும் ஆசிரியையிடம் கேட்டறிந்ததையும் சேர்த்து, அவருடைய வாழ்க்கையை எங்களுக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறோம்.

முதலில், எங்கள் படம் ஏன் கெட்டது என்பதைச் சொல்லிவிடுகிறோம். அது தெரிந்தால்தான் அவருடைய உழைப்பின் அருமை விளங்கும். மழை மேகம் மூடிய வானம் நம் கண்ணுக்கு மங்கலாகத் தோன்றினாலும், மரக்கிளையில் இருக்கும் கரிய பறவையைவிடப் பல மடங்கு வெளிச்சமானது. கேமரா அந்த வானத்தின் ஒளியைக் கணக்கில் கொண்டு உள்ளே வரும் ஒளியைக் குறைத்துவிடுகிறது. அதனால் பறவை நிழலாகிவிடுகிறது. பறவை தெரிய வேண்டுமானால், வானம் வெளுத்துப் போனாலும் போகட்டும் என்று ஒளியைக் கூட்டிவிட வேண்டும்.

ஆனால் ஒளியைக் கூட்டுவது எப்படி? அடர்ந்த மேகத்தின் கீழ், நல்ல வெயிலில் இருக்கும் ஒளியில் பத்தில் ஒரு பங்குகூடச் சில வேளை இராது. ஆகவே ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். திறந்திருக்கும் அந்த நேரத்தில் பறவை தலையைத் திருப்பினால் படம் கலங்கும். எடுப்பவரின் கை நடுங்கினாலும் கலங்கும். தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் நீண்ட லென்ஸ், கையின் சிறு நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். போதாக்குறைக்கு லென்ஸின் மேல் மழைத்துளி விழும். மூச்சுப் பட்டால் ஆவி படியும். ஈரம் தங்கினால் நாளடைவில் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும்.

இரை பிடிக்கும் பறவைகளிடம் வேறொரு தொல்லையும் உண்டு. பெரிய கழுகுகளின் பார்வை மனிதர் பார்வையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கூர்மையானது. நாம் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்துவிடும். வெயில் நேரத்தில் தரையிலிருந்து எழும் சூடான காற்றில் மிதந்து அவை வெகு உயரம் போய்விடுகின்றன. மழை நாளில் அத்தகைய காற்று எழுவதில்லை. ஆகவே அவை கிளையிலோ பாறையிலோ அமர்ந்து காத்திருக்கின்றன. பறவை கைக்கெட்டும் தூரத்துக்கு வரும் நாளில் ஒளி இல்லை. ஒளி இருக்கும் நாளில் பறவை எட்டாது. மழைக்காலத்தில் பறவையைப் படம் எடுப்பவரின் பாடு இதுதான்.

மேலை நாட்டிலும் இக்கலை எளிதாக வளரவில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1892-ல் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தார்கள். பிற்பாடு பறவைகள் அஞ்சாதிருக்க, பாடம் செய்த எருதின் கூட்டுக்குள் ஒளிந்திருந்தும் படம் எடுத்தார்கள். எரிக் ஹாஸ்கிங் என்னும் ஆங்கிலேயர் 1937-ல் வேல்ஸ் நாட்டில் ஓர் ஆந்தையின் கூட்டருகே இருட்டில் சென்றபோது, அது பாய்ந்து நகத்தால் தாக்க, ஒரு கண்ணையே இழந்தார். எஞ்சிய ஒரு கண்ணோடு அதன் பிறகும் பல்லாண்டுகள் பறவைகளைப் படம் எடுத்துப் புகழ்பெற்று, 1991-ல் மறைந்தார். நம் நாட்டில் இவ்வழியில் முன்னோடிகளாய் நின்றவர்களுள் ஒருவர் கிருஷ்ணன்.

மாதவையா கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் நம் அண்டை நகரமான திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா, தமிழில் முதன்முதல் தோன்றிய நாவல்களுள் ஒன்றான பத்மாவதி சரித்திரத்தை எழுதியவர். பெண்கல்விக்காகவும் குழந்தை மணத்துக்கு எதிராகவும் எழுதியவர். எட்டுக் குழந்தைகளில் கிருஷ்ணனே கடைக்குட்டி. உப்புத் துறை அலுவலரான தந்தையார் ஓய்வு பெற்றபின் சென்னையில் குடியேறி, பஞ்சாமிர்தம் என்னும் மாத இதழை நடத்தினார். 1925-ல் சென்னைப் பல்கலைக்கழக மன்றத்தில், தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி அமர்ந்த சிறிது நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

தந்தையை இழந்த சிறுவன் சென்னையிலேயே வளர்ந்தான். அந்நாளில் மயிலாப்பூரைச் சுற்றித் தோட்டமும் தோப்பும் புதருமாய் இருந்தன. அணிலும் கீரியும் ஓணானும் குயிலும் வீட்டு வாசலிலேயே கிடைத்த பாடங்கள். 1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராயிருந்த பைசன், மலைத் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல்கள் செய்தவர். அவர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடிகொடி தேடிப் போகும்போது கிருஷ்ணனும் உடன் போனார். பேராசிரியரின் துணைவியார் நீர்வண்ண ஓவியத்தில் வல்லவர்; அவரிடமிருந்து தூரிகை பிடிக்கவும் கற்றுக்கொண்டார். ஓர் இலையைப் பார்த்தால் அதன் நரம்பு எப்படி ஓடுகிறது என்று உற்று நோக்குகிற பழக்கம் அப்போது ஏற்பட்டது.

இவ்வளவு ஆர்வமுள்ளவர் தேர்வில் முதல்வராய் வந்திருப்பார் என்றுதானே நினைப்போம்? அப்படியில்லை. அவர் பெற்ற மதிப்பெண்கள் சாதாரணமானவை. 1931-ல் பட்டம் பெற்றார்; அதன் பிறகு முதுகலையும் சட்டமும் படித்தார். எனினும் நிலையான வேலை கிடைக்கவில்லை. அண்ணன் அனந்தநாராயணன் உயர் பதவிகளில் ஏறிப் பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவே ஆனார். தம்பியோ சிறு சிறு பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதியும் கேலிச் சித்திரம் வரைந்தும் காலம் தள்ளினார். 1937-ல் இந்துமதி அம்மையாரை மணந்தார். வீட்டில் விளக்கேற்ற வருமானம் வேண்டும். ஊரார் கேட்கும் கேள்விக்கு விடையும் வேண்டும். இக்காலத்தில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, தேர்வு முடிவு நாளில் வீட்டுக்குப் போகத் தயங்கிய எவரும் அறிவர்.

1942-ல் ஒரு வழி பிறந்தது. பெல்லாரிக்கு அருகே, ஹம்பி இடிபாடுகளிலிருந்து அதிகத் தொலைவில்லாத சந்தூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசரின் அரசியல் செயலர் என்று ஒன்றன்பின் ஒன்றாய்ப் பல பொறுப்புகளைப் பார்த்தார். வேலை போக மிஞ்சிய நேரமெல்லாம் சந்தூரின் குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் கழிந்தது. ஆடு வளர்த்து மேய்த்துப் பார்த்தார். புறாக்களைப் பழக்கித் தபால் கொண்டுபோகச் செய்யும் முயற்சியிலும் ஈடுபட்டார். புறா வளர்ப்பவர் கண் எப்போதும் வானத்தில்தான் இருக்கும். வைரிக்கும் ராஜாளிக்கும் புறாவே விருப்பமான இரையாயிற்றே!

நாடு விடுதலை பெற்றபின் 1949-ல் சந்தூர் இந்தியாவோடு இணைந்தது. சமஸ்தானம் போயிற்று, வேலையும் போயிற்று. மற்றோர் அலுவலகத்தில் மற்றொரு நாற்காலியைத் தேடாமல், எழுத்தையும் படத்தையுமே நம்பி வாழ்வது என்று முடிவு செய்து சென்னை திரும்பினார். மாதச் சம்பளம் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. தந்தையார் தம் பிறந்த ஊரான பெருங்குளத்தின் பெயரைச் சூட்டிய மயிலாப்பூர் வீடே அவருக்கு இறுதிவரை வீடாகவும் அலுவலகமாகவும் இருந்தது.

1950-ல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இரு வாரத்துக்கு ஒரு முறை இயற்கையைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1996-ல் அவர் மறையும்வரை, 46 ஆண்டுகள் அத்தொடர் நிற்கவில்லை. யானையும் புலியும் மட்டும் அதில் வரவில்லை. கொல்லைப்புறத்துக் காகமும் பல்லியும் தெருநாயும் கோயில் புறாவும் வந்தன. நாள்தோறும் நம் தலைக்கு மேல் பறப்பதனாலேயே நாம் நிமிர்ந்து பார்க்காமல் விட்டுவிடும் உயிர்களை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

இனி அவருடைய கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த புதிய கருவிகளை வாங்கிக் குவிக்க அவரிடம் பணம் இல்லை. அதில் ஆசையும் இல்லை. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தாமே இணைத்து, நீண்ட லென்ஸ் பொருத்தி, கனத்த ஒரு கருவியை உருவாக்கிக்கொண்டார். அதன் பாரத்தைக் கேலி செய்வதுபோல அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்தார். அந்தச் சுமையோடு காட்டுக்குள் நடந்தார். முதுமலை போன்ற காடுகளில் பழகிய யானையின் மேல் அமர்ந்தும் போனார். அசையும் யானையின் முதுகில் இருந்துகொண்டு, இலை அடர்ந்த காட்டின் மங்கிய ஒளியில் ஒரு படம் எடுப்பதை எண்ணிப் பாருங்கள்! வராந்தாவில் நின்ற எங்களுக்கே கை நடுங்கியது.

அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணப் பிலிம் பரவலாகிய பிறகும் அவர் மாறவில்லை. பிலிமைத் தாமே கழுவினார். வீட்டு இருட்டறையில் தாமே பிரிண்ட் போட்டார். நம் பக்கத்தில், அழகிய வண்ணப் படங்களுக்குப் பெயர் பெற்ற சிவகாசி அச்சகங்களின் நாள்காட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வண்ணம் இல்லாத படம் முதலில் வெறுமையாகத் தோன்றலாம். ஆனால் சற்று நின்று பார்த்தால், யானையின் தோல் சுருக்கமும் மானின் காதுமடலும் அவற்றைச் சூழ்ந்த புல்லும் ஒவ்வொன்றாய்த் தெரியத் தொடங்குகின்றன. கண்ணுக்கு விருந்தளிப்பதைவிட, அந்த உயிர் எங்கே, எப்படி இருந்தது என்று உள்ளபடி காட்டுவதே அவருக்கு முதன்மையாயிருந்தது.

இக்காலத்தில் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுக்கிறோம், சரியில்லாதவற்றை அழித்துவிடுகிறோம். பிலிம் காலத்தில் அப்படி முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் பணம். எடுத்தது சரியா தவறா என்பது காட்டைவிட்டு வீடு வந்து, இருட்டறையில் கழுவிய பிறகுதான் தெரியும். தவறியிருந்தால் அந்தக் கணம் போனது போனதுதான். ஆகவே முதலில் விலங்கின் பழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது எப்போது நீருக்கு வரும், எதைக் கண்டு வெருளும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அறிந்தவனுக்கே படம் கிடைக்கும். கேமராவைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையே பெரிய வேலை. நாங்கள் அந்தப் பெரிய வேலையை விட்டுவிட்டுக் குடையோடு ஓடினோம்!

பறவைகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் மட்டும் எழுதவில்லை. தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குப் பறவைகளைப் பற்றித் தமிழிலேயே எழுதினார். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலைப் பற்றியும் எழுதினார். அங்கே வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், நீரில் நிற்கும் மரங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. அவ்வூர் மக்கள் 200 ஆண்டுகளுக்கு மேலாக அப்பறவைகளைக் காத்து வருகிறார்கள். 1798-லேயே அன்றைய கலெக்டரிடமிருந்து, பறவைகளைச் சுடக்கூடாது என்று உரிமைச் சீட்டுப் பெற்றவர்கள் அவர்கள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். அன்பும் பயனும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்த ஊர் சான்று.

இதை எழுதும்போது நம் ஊரை நினையாமல் இருக்க முடியவில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் வெருளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. நம் வீடுகளிலோ அடுப்பு எரிவதே பலருக்கு வெடியால்தான். எங்களில் பலருடைய அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆலையில் உழைத்தே எங்களுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்த உழைப்பை நாங்கள் குறைவாக எண்ணவில்லை; எண்ணவும் மாட்டோம். ஆனாலும் கூடு கட்டும் காலத்தில் கண்மாய்க் கரையில் மட்டுமாவது வெடிக்காதிருப்பது நம்மால் ஆகாததன்று. செய்பவருக்கும் நட்டமில்லை; பறவைக்கும் நிம்மதி. இதை வகுப்பில் விவாதித்தபோது கருத்து இரண்டாகப் பிரிந்தது. முடிவு ஏற்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

கிருஷ்ணன் மற்றொன்றிலும் விடாப்பிடியாய் நின்றார். ஒரு நாட்டின் முகம் அதன் கட்டடங்களில் மட்டும் இல்லை. அங்கே இயல்பாய் வளரும் மரத்திலும் வாழும் விலங்கிலும் இருக்கிறது என்பது அவர் கொள்கை. அழகுக்காகவும் அவசரத்துக்காகவும் வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் எதிர்த்தார். படித்தவர்களுக்குத் தங்கள் ஊர் மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் தெரியாமல் போவதைக் கண்டு வருந்தினார். நம் கண்மாயைச் சுற்றி இன்று அடர்ந்திருக்கும் சீமைக்கருவேலமும் வெளியிலிருந்து வந்ததே. கரைக்குப் போய் எண்ணிப் பார்த்தோம். நாட்டு மரங்களுள் எங்களால் பெயர் சொல்ல முடிந்தவை வேம்பு, ஆல், நாட்டுக்கருவேல், பனை, புங்கை என்று ஐந்துடன் நின்றுவிட்டன. பறவைகளில் பருந்து என்று ஒரே பெயரால் அழைத்தவற்றுள், வால் நடுவில் பிளந்த கரும்பருந்து வேறு, தலையும் மார்பும் வெளுத்த செம்பருந்து வேறு, சிறிய உடலும் சிவந்த கண்ணும் உடைய வைரி வேறு என்பதைப் பெரியவர்கள் சொல்லியே கற்றோம்.

1968-ல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கை கிடைத்தது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய விலங்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காடு காடாய்ச் சென்று ஆராய்ந்தார். அதன் பயன் 1975-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தால் நூலாக வெளிவந்தது. இந்திய வனவிலங்கு வாரியத்தில் பல ஆண்டுகள் உறுப்பினராயிருந்து அரசுக்கு ஆலோசனை கூறினார். இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. 1995-ல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு உலகின் சிறந்த 500 பேர் வரிசையில் அவரைச் சேர்த்துப் பெருமை செய்தது. மதிப்பெண் குறைந்ததனால் வேலை கிடைக்காமல் நின்ற அந்த இளைஞரின் சொல்லுக்கு, நாட்டின் காடுகளைப் பற்றிய செய்தியில் அத்தனை மதிப்பு ஏற்பட்டது.

1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் மறைந்தார். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரில் 2002-ல் நூலாகக் கொண்டுவந்தார்.

அவர் கண்மூடிய அந்த ஆண்டுகளிலேயே ஒரு பெருந்துயரம் ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது. அதுவரை ஊர்ப்புறங்களில் செத்த மாட்டைச் சுற்றிக் கூட்டமாய் அமர்ந்திருந்த பிணந்தின்னிக் கழுகுகள் குறையத் தொடங்கின. 1990-களின் தொடக்கத்திலிருந்து பதினைந்தே ஆண்டுகளில், வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் நாட்டில் இல்லாமற்போயின. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்து, அம்மாடு இறந்தபின் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2003, 2004-ஆம் ஆண்டுகளில்தான் தெளிவாயிற்று. 2006-ல் மாட்டு வைத்தியத்தில் அம்மருந்து தடை செய்யப்பட்டது. இன்று தமிழகத்தில் அக்கழுகுகள் கூடு கட்டி வாழும் இடம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு.

எங்கள் பாட்டிமார் அக்கழுகுகளைச் சிறுவயதில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். நாங்கள் பார்த்ததில்லை. எப்போதும் இருப்பது என்று எண்ணி ஒருவரும் நின்று பார்க்காத பறவை, ஒரு தலைமுறைக்குள் கதையாகிவிட்டது. சாதாரணமானவற்றை உற்றுப் பார்த்து, உள்ளதை உள்ளபடி பதிவு செய்து வைத்தவரின் அருமை இப்போது விளங்குகிறதல்லவா? நாளை எது மறையும் என்று இன்று நமக்குத் தெரியாது. ஆகவே இன்று இருப்பதையெல்லாம் அக்கறையோடு பார்க்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

கிருஷ்ணனின் வாழ்க்கையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது இதுவே. வானிலை நம் விருப்பத்துக்கு வளையாது, பறவையும் வளையாது. வளைய வேண்டியவர் நாம். ஒளி குறைவாயிருந்தால் அந்தக் குறைந்த ஒளியில் என்ன தெரிகிறதோ அதை உண்மையாய்ப் பார்க்க வேண்டும். வாழ்விலும் அவருக்கு நெடுநாள் ஒளி குறைவாகவே இருந்தது. மதிப்பெண் இல்லை, பதவி இல்லை, நிலையான வருமானம் இல்லை. இருந்த ஒளியில் பார்த்தார். பார்த்ததை விடாமல் எழுதினார். பெற்றோர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்பதால் பணிவோடு ஒன்று சொல்கிறோம்: தேர்வுத் தாளில் தெரியாத திறமை சில பிள்ளைகளிடம் உண்டு. அதற்குச் சற்று நேரம் கொடுங்கள்.

கார்த்திகையில் மறுபடியும் மழை பெய்தது. மழை விட்ட மாலையில் மைதானத்து மண்ணிலிருந்து ஈசல் புறப்பட்டது. காகங்கள் கூடின. அவற்றுக்கு மேலே அந்தப் பருந்தோ அதன் உறவோ, இரண்டு மூன்றாய் வந்து, காற்றிலேயே ஈசலைக் காலால் பற்றி வாய்க்குக் கொண்டுபோயின. இம்முறை நாங்கள் ஓடவில்லை. வராந்தாத் தூணின் மறைவில், கேமராவைத் தூணோடு அணைத்துப் பிடித்து, ஒளியைக் கூட்டி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நின்றோம். ஒரு பருந்து அந்த வேப்பமரத்துப் பட்ட கிளைக்கே வந்து, சிறகை விரித்து உலர்த்தியது.

படம் அத்தனை தெளிவில்லை. வானம் வெளுத்துப் போயிருக்கிறது. சிறகின் நுனி கலங்கியிருக்கிறது. ஆனால் பருந்தின் கண் தெரிகிறது. அது எங்களைப் பார்க்கவில்லை, ஈசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் படத்தை எடுத்து முடித்த பிறகும் வெகு நேரம் அது அங்கேயே இருந்தது.